பனிப்பாறைக்கு உறுதி இல்லை

நாளுக்கு நூற்று இருபது ரிங்கிட்,
மதியச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு,
தலையை மட்டும் கழற்றக் கூடாது.
இப்படித்தான் நான்
நியூஃபவுண்ட்லாந்தின் மூஸ் ஆனேன்,
புத்ரா ரயில் நிலையத்தை ஒட்டிய
சுற்றுலாக் கண்காட்சியின் மூன்றாம் மண்டபத்தில்.

மூஸ் என்பது
நம் கடமானுக்குத் தூரத்து அண்ணன்.
கொம்பு இரண்டும் விரித்த உள்ளங்கைகள்:
'என்கிட்ட ஒண்ணுமில்லப்பா' என்பதுபோல.
உள்ளே பஞ்சு, என் வேர்வை,
நேற்று இதற்குள் நின்றவனின் வேர்வை.
மூக்குத் துளை வழியாகத்தான் உலகம்.

முதுகுக்குப் பின்னால்
நாலு மீட்டர் வினைலில் ஒரு பனிப்பாறை.
கீழ்மூலையில் மடிப்பு விழுந்ததால்
கடல் அங்கே கொஞ்சம் கசங்கியிருக்கும்.

மேசையில் ஷர்மினி சொல்வதெல்லாம்
எனக்கும் மனப்பாடம்:
மே, ஜூனில் போனால்
கிரீன்லாந்தில் உடைந்த பாறைகள்
கரையோரமாய்த் தெற்கே இறங்குவதைக் காணலாம்.
செங்குத்து முனைகளில் பஃபின் பறவைகள்
வாய் நிறைய மீனோடு,
வேலைக்குத் தாமதமானவர்கள்போலத் தரையிறங்கும்.
குரோஸ் மோர்ன் பக்கம் துரு நிறத்தில் ஒரு மலை;
புல் முளைக்கத் தயங்கும்;
பூமியின் அடிவயிறு அங்கே வெளியே தெரிகிறது.
திமிங்கிலம் பார்க்கும் படகு, கட்டணத்தில் அடக்கம்.
பனிப்பாறைக்கு உறுதி இல்லை.

இந்தக் கடைசி வரியை மட்டும்
சிரித்துக்கொண்டே, விரைவாகச் சொல்வாள்.

சோறு கிடைக்குமா என்றார்கள்.
இலவசப் பை இன்னொன்று கேட்டார்கள்.
ஒரு பையன் என் வாலை இழுத்துப் பார்த்து
பொய் மாடு என்று தீர்ப்புச் சொன்னான்.

மூன்று மணிக்கு
பழச்சாறுக் கடைக்கு ஐஸ் மூட்டை தள்ளிவந்தவர்
எங்கள் பாறை முன்னால் நின்றுவிட்டார்.
சட்டைப் பையில் கோதண்டம் என்று நூல் எழுத்து.
வேர்த்துத் தொலையுது என்று நான் முனகியது
அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"தம்பி, இதை யாரு அறுப்பா?"
யாரும் அறுப்பதில்லை. தானாக உடையும்.
"எங்க கொண்டுபோய்ச் சேர்ப்பாங்க?"
எங்கேயும் இல்லை. மிதக்கும், கரையும்.
"சும்மாவா?"
சும்மாதான்.
"அதைப் பார்க்கவா இவ்ளோ காசு?"

செந்தூலிலிருந்து செராஸ் வரை
இருபத்தாறு வருடமாய்
கரைவதோடு பந்தயம் ஓட்டுகிறவர்.
ஜாலான் ஈப்போவில் நெரிசல் என்றால்
மூட்டைக்கு ஒரு கிலோ போச்சாம்.
ஓட்டமே இல்லாமல் கரைகிற ஐஸை
அவரால் நம்பவே முடியவில்லை.

பிறகு சுவரில் எங்கள் இரட்டைக் கடிகாரம்.
"அது என்ன, அரை மணி பிசகா?"
அந்த ஊர் நேரமே அரையில்தான் என்றேன்.
"நான் பொறந்தப்ப நமக்கும் அரைதான் தம்பி.
ஒரு புத்தாண்டு ராத்திரி
முள்ளத் தள்ளி வச்சாங்க.
முப்பது நிமிஷம். யாருமே திருப்பிக் கேக்கல."

சொல்லிவிட்டு மூட்டையை அவிழ்த்தார்.
"மூக்கைக் காட்டு."

காட்டினேன்.
ஒரு கை ஐஸ் துளை வழியாக விழுந்து
தாடை, கழுத்து, நெஞ்சு என்று
ஒவ்வொரு கட்டியும் தனித்தனியே வழி கண்டு
தெற்கே இறங்கியது.
நான் போட்ட கத்தலில்
பையன் அம்மாவிடம் ஓடினான்.
மூஸ் பேசக் கூடாது என்றாள் ஷர்மினி.
கோதண்டம் அதற்குள்
பழச்சாறுக் கடையை எட்டியிருந்தார், சக்கரம் கிறீச்சிட.

ஆறு மணிக்குத் தலையைக் கழற்றி
கோம்பாக் ஆற்றோரம் சட்டையைப் பிழிந்தேன்.
எது வேர்வை எது ஐஸ், பிரிக்க வழியில்லை.
ஆறு தே தாரிக் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.
அங்கே இப்போது காலை ஏழரை.
அம்மாவிடம் சொன்னால் சனி என்பாள்.

எந்தப் படகும் கிளம்பியிருக்காது.
யாரும் காசு கொடுக்காத ஒரு பாறை
மெதுவாகப்
புரண்டு படுத்திருக்கும்.